மூன்றாக மடித்த கைலி

முப்பத்துநான்கு வயதில் என் மனைவியை ஊரில் பாதிக் குழந்தைகள் ஆயா என்று கூப்பிட்டார்கள். குழந்தைகள்மேல் தப்பில்லை. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளி இருந்தது. அங்கே அவளுக்கு அந்த வேலைதான். காலையில் பிள்ளைகளை ஆட்டோவிலிருந்து இறக்குவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுப்பாள். இரண்டு இரண்டு பேராகக் கைகோக்க வைத்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். பள்ளிக்கூடத்தோடு அது முடிந்திருந்தால் பரவாயில்லை. மாலையில் மார்க்கெட்டில் அவள் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ “ஆயா!” என்று ஒரு சத்தம் வரும். கடைக்காரர் நிமிர்ந்து யாரோ ஒரு கிழவியைத் தேடுவார். இவள் கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு குறைவு.

அந்தச் சமயத்தில்தான் எல்.கே.ஜி. மிஸ் கல்யாணமாகித் தடா பக்கம் போய்விட்டார். பள்ளியை நடத்திய அம்மா என் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

“நீ டென்த் பாஸா?”

“கணக்குல மட்டும் போச்சு மேடம்.”

“அத எழுதி முடிச்சிடு. அடுத்த வருசம் உன்னையே மிஸ்ஸா போட்டுடறேன். உன்கிட்டதான் பசங்க அழாம கீது.”

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மூச்சு வாங்கியது. பொதட்டூர்பேட்டையில் பள்ளிக்கூடம் படித்தவள். பத்தாவதில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் தோற்று, அந்த வருடமே என்னைக் கட்டிக்கொண்டவள். இரண்டில் எதை அவள் பெரிய நஷ்டமாக நினைத்தாள் என்று நான் கேட்டதில்லை.

“மில்லுக்குப் போற ரோட்ல ஒரு டுடோரியல் கீது. சனி, ஞாயிறு சாயந்திரம். லாரி போற ரோடு. நீ கூட வரணும்” என்றாள்.

வருகிறேன் என்றேன். அப்போது அதில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். என் அப்பா நாற்று நட்ட நிலத்தில் பிற்பாடு கம்பெனிகள் வந்தன. நான் ஒரு ரோலிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். பழுக்கக் காய்ந்து பாம்பு மாதிரி ஓடிவரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுக்கிற வேலை. அந்தக் கம்பிக்கு நான் பயந்ததில்லை. மனிதர்களிடம் பேசுவதற்குத்தான் பயம். ஷேர் ஆட்டோவில் என் இடம் வந்தால் “நிறுத்துப்பா” என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது நிறுத்தச் சொல்கிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.

டுடோரியல் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. எதிரே டீக்கடை. எங்கள் மில் ஆட்கள் ஷிப்ட் முடிந்து அங்கேதான் நிற்பார்கள். முதல் சனிக்கிழமை மனைவியை டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். அவள் மேலே போனாள். இரண்டு மணி நேரம் கீழே நிற்க வேண்டும். டீக்கடையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கி, “இன்னா, இங்க இன்னா பண்ற?” என்றான். பெண்டாட்டி படிக்கிறாள், காத்திருக்கிறேன் என்று சொன்னால் அடுத்து பத்துக் கேள்வி வரும். காது கேட்காதவன் மாதிரி மாடிப்படி ஏறிவிட்டேன்.

மேலே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் கம்பெனிச் சட்டை போட்டவர்கள். பத்தாவது சர்டிபிகேட் இருந்தால் ஹெல்பரிலிருந்து ஆபரேட்டர் ஆகலாம் என்று வந்தவர்கள். கரும்பலகைக்கு முன்னால் மாஸ்டர். வயது இருபத்தைந்து இருக்கும். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுக் கடையில் உட்கார மாட்டேன் என்று இங்கே வந்து டுடோரியல் வைத்தவர். தன்னைவிடப் பெரிய ஆம்பளைகளையெல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நானும் கம்பெனிச் சட்டைதான்.

“வா நைனா, மொத நாளே லேட்டு. அக்கா பக்கத்துல எடம் கீது பாரு, உக்காரு.”

நான் படிக்க வரவில்லை, இவளைக் கொண்டுவிட வந்தேன் என்று சொல்ல வேண்டும். பத்து வார்த்தைகூட இல்லை. வாயைத் திறந்தேன்.

“சரி சார்” என்று வந்தது.

போய் உட்கார்ந்தேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள்.

இப்படித்தான் நான் பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், “அடுத்த வாரம் நீயே சொல்லிடு” என்றேன்.

“சொல்றேன்” என்றாள். சொல்லவில்லை. காரணம் மூன்றாவது வாரம் தெரிந்தது. மாஸ்டர் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவரைப் பிடித்துக் கேள்வி கேட்பார். எங்கள் பெஞ்சில் அவர் கண் என்மேல்தான் விழும். நான் விழிப்பேன். திட்டு விழும். அதற்குள் மணியாகி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.

“நீ பக்கத்துல உக்காந்துகினு இருந்தா என்ன யாரும் கேக்க மாட்றாங்க. நிம்மதியா படிக்கிறேன். கெடுக்காத” என்றாள்.

கூட்டுத் தொடர் வரை நான் எப்படியோ தலையாட்டிக்கொண்டு ஒட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது. அது மில்லில் கம்பிக் கட்டு அடுக்குவது போலத்தான். பிறகு பெருக்குத் தொடர் வந்தது. அன்றைக்கு மாஸ்டர் ஒரு புதுக் கைலியோடு வந்தார். ஓரம் தைக்காதது. கடை ஸ்டிக்கர்கூட எடுக்கவில்லை.

“எங்க வாப்பா கடையில இருந்து சொல்லாம எடுத்தாந்தேன். அழுக்காக்காம திருப்பிக் குடுக்கணும்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நைனா, எந்திரிச்சு வா.”

எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். கைலியைக் கையில் கொடுத்தார்.

“இப்ப எத்தினி?”

“ஒன்னு சார்.”

“ரெண்டா மடி. இப்ப?”

“ரெண்டு.”

மடிக்க மடிக்க நான்கு, எட்டு, பதினாறு. முப்பத்திரண்டில் கைலி குட்டித் தலையணை போல் ஆகிவிட்டது. இன்னொரு தடவை மடி என்றார். முழங்காலில் வைத்து அழுத்தி மடித்தேன். எத்தனை என்றார். நான் கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி எண்ண ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது.

“எண்ணாத நைனா, பெருக்கு! முன்னாடி எத்தினியோ அதப் போல ரெண்டு. அந்த ரெண்டுதான் பொது விகிதம். அதுக்குப் பேரு r.”

கைலியை உதறி என் தோளில் போட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று எழுதினார். இதையெல்லாம் கூட்டினால் என்ன? அதன் கீழே எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி, ஓர் இடம் தள்ளி எழுதினார். கழித்தார். வெட்டினார், வெட்டினார், நடுவில் இருந்ததெல்லாம் போய்விட்டது. கடைசியில் ஒரு சூத்திரம் நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டருக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டில் என் மனைவி சாதம் வடித்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “புரியல” என்றாள். “இதுலதான் அப்பவும் போச்சு. நான் ஆயாவாவே சாவ வேண்டியதுதான்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “எனக்கும் புரியல, எனக்குச் சொல்லிக் குடு” என்றேன்.

“தெரிஞ்சாத்தானே சொல்லிக் குடுக்க?”

“தெரிஞ்ச வரைக்கும் சொல்லு. எல்.கே.ஜி. பையன்னு நெனச்சுக்கோ.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வேஷத்துக்கு நான் பொருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

“சரி, இங்க பாரு. பசங்கள ரெண்டு லைனா நிக்க வெக்கிறேன். ஒவ்வொருத்தன் சட்டையிலயும் ஒரு நம்பர் குத்தியிருக்கு. இந்தாண்ட லைன்ல ஒன்னு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அந்தாண்ட லைன்ல எல்லாம் ரெண்டு மடங்கு. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டு. இப்ப ஒரே நம்பர் வெச்சிருக்கிற பசங்க ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கினு ஊட்டுக்குப் போங்கடான்னு சொல்றேன். யாரு மிச்சம்?”

யோசித்தேன். “இந்தாண்ட ஒன்னு. அந்தாண்ட முப்பத்திரெண்டு.”

“நடுவுல யாருமே இல்ல. மொதல்ல நின்னவனும் கடைசில நின்னவனும் மட்டும்தான். முப்பத்திரெண்டுல ஒன்னு போனா…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். பிறகு என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். “யோவ், புரிஞ்சிடுச்சுய்யா!”

எனக்கும் கொஞ்சம் புரிந்தது. கணக்கைவிட, நடுவில் நின்றவர்கள் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. எந்த வரிசையிலும் நான் நடுவில்தான் நிற்பேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் டுடோரியலில் திட்டு, மற்ற நாட்களில் வீட்டில் எல்.கே.ஜி. என்று என் படிப்பு நடந்தது. ஒருநாள் மாஸ்டர் என்னிடம், “r ஒன்னா இருந்தா தொடர் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். நான் வழக்கம்போல் நின்றேன். “அப்ப சூத்திரம் வேலைக்கு ஆவாது. நேத்து இன்னாவோ இன்னிக்கும் அதே, நாளைக்கும் அதே. சும்மா எத்தினி வாட்டின்னு பெருக்கிக்க வேண்டியதுதான்” என்றார். மில்லில் என் வேலையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. மாஸ்டர் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். இன்றைக்காவது உண்மை வெளியே வரும் என்று எனக்கு ஒரு நிம்மதி. மனைவி முந்திக்கொண்டாள்.

“அவரு அடுத்த வாட்டி எழுதுவாரு சார். பயப்படறாரு.”

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். “பொண்டாட்டி தைரியமா எழுதுறாங்க, உனக்கு இன்னா நைனா பயம்? சரி, கிளாஸுக்காவது உடாம வா.” நான் தலையாட்டினேன்.

பரீட்சைக்கு முந்தின மாதம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று, இதைக் கூட்டு என்று ஒரு கேள்வி. மனைவி வேகமாக எழுதினாள். நான் அவள் தாளைப் பார்த்து எழுதினேன். அடுத்த வாரம் மாஸ்டர் தாள்களை மேசைமேல் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

“எல்லாரும் எரநூத்தி நாப்பத்திரெண்டு! ஒருத்தர் பாக்கி இல்ல! சரியான விடை அதுல பாதி. யாருமே கீழ வகுக்கல. புருசன் பொண்டாட்டி அடுத்தடுத்து அதே தப்பு போட்டுகினு கீறீங்க. இதுல கூடவா குடும்ப ஒத்துமை?”

பிறகு அவரே யோசித்து நெற்றியில் அடித்துக்கொண்டார். தப்பு கைலியில் இருந்தது. இத்தனை நாளும் நாங்கள் இரண்டு இரண்டாக மட்டுமே மடித்திருந்தோம். இரண்டு மடங்கு வரிசையிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் மிச்சம் ஒரு மடங்கு. அதுதான் விடை. வகுக்கிற வேலையே தெரியாது. மூன்று மடங்கில் ஒரு மடங்கு போனால் இரண்டு மடங்கு மிச்சமிருக்கும். அதை இரண்டால் வகுத்தால்தான் விடை. பஞ்சர் கடை மாடியில் படித்த அத்தனை பேரும் வகுக்க மறந்தோம். நாங்கள் கைலி மடித்தவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னால் நின்று கைலியை மூன்று மூன்றாக மடித்தேன். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு. ஒவ்வொரு மடிப்புக்கும் வகுப்பு முழுக்க, “வகுக்கணும்” என்று கத்த வேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. கீழே பஞ்சர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கைலி இதற்குள் பழங்கைலி ஆகியிருந்தது. அது வாப்பா கடைக்குத் திரும்பிப் போகவில்லை.

பரீட்சை திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலையில் கிளம்பும்போது நான் சொன்னது ஒன்றுதான்.

“வகுக்க மறந்துடாதமே.”

“நீ வாய தொறந்து பேசறதே வருசத்துக்கு நாலு வாட்டி. இதையே எத்தினி வாட்டி சொல்லுவ?” என்றாள். பேனாவை இரண்டு தடவை கீழே போட்டாள்.

வாசலில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். ஓர் அம்மா என்னிடம், “பையனா, பொண்ணா?” என்று கேட்டார். பெண்டாட்டி என்று சொல்ல வரவில்லை. “பொண்ணு” என்றேன். “எங்க படிக்குது?” “ஊட்லதான்” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்த பிறகு கடைசியில் வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெகுதூரம் வந்த பிறகு, “வந்துச்சு” என்றாள்.

“எது?”

“பெருக்குத் தொடர். மூணு மடங்குதான். சூத்திரம் மறந்து போச்சு. பசங்கள நிக்க வெச்சேன். கை கோத்துக்கினு எல்லாம் போச்சுங்க. ரெண்டு பேரு மிச்சம் நின்னாங்க.”

“வகுத்தியா?”

ஜன்னல் பக்கம் பார்த்தாள். “மணி அடிச்சிட்டாங்க. வகுத்தேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல” என்றாள்.

ரிசல்ட் வரும்வரை எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. சோறு போடும்போது கரண்டி நிற்கும். “வகுத்திருப்பேன்ல?” “வகுத்திருப்ப.” தண்ணீர் பிடிக்கும்போது குடம் வழியும். “எழுதுன மாதிரி கீது. ஆனா அது மாதிரித் தேர்வுல எழுதுனதா?” மாதிரித் தேர்வில் நீ வகுக்கவே இல்லையே என்று சொல்ல நான் துணியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறொரு பெண் மிஸ் வேலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று ஒருநாள் சொன்னாள். அன்று சாப்பிடவில்லை.

ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டரில் கூட்டம். அங்கே இருந்தவர் நம்பரைத் தட்டினார். கணினி யோசித்தது. அது யோசிக்கும்வரை அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துவைத்த பிறகும் அந்தக் கசங்கல் போகவில்லை. முப்பத்தெட்டு மார்க். பாஸ். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சென்டர்காரர் பெயில் என்று நினைத்து, “அக்கா, அக்டோபர்ல எழுதிக்கலாம்” என்றார்.

அந்த முப்பத்தெட்டில் பெருக்குத் தொடரின் மார்க் இருக்கிறதா, இல்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வகுத்தேன் என்கிறாள். பாஸான பிறகு ஞாபகம் வந்துவிட்டதாம்.

ஜூன் மாதம் அவள் சேலையில் பின் குத்திக்கொண்டு மிஸ்ஸாகப் போனாள். மாலையில் சிரித்துக்கொண்டு வந்தாள். “இன்னா கூப்டாங்க?” என்று கேட்டேன். முந்தின வருடம் அவள் இறக்கிவிட்ட பிள்ளைகள்தான் பாதி. மிஸ் என்று கூப்பிடச் சொல்லி மேடம் கண்டிப்பாகச் சொன்னாராம். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு அவள் “ஆயா மிஸ்.”

“போகப் போக முன்னாடி இருக்கிறது போயிடும்” என்றாள். அடுத்த வருடம் போய்விட்டது.

மாஸ்டருக்கு ஸ்வீட் கொடுக்க இருவரும் போனோம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு என் பக்கம் திரும்பி, தோளில் கைவைத்தார்.

“நைனா, மனசு உடாத. அக்காவே தாண்டிட்டாங்க. அக்டோபர்ல நீயும் எழுதற. புது பேட்ச் இந்தச் சனிக்கிழமை. உனக்கு பீஸ் வேணாம், வா.”

ஐந்தாவது படித்தவன் எந்த அக்டோபரில் பத்தாவது எழுதுவது? இப்போதாவது சொல்லிவிட வேண்டும். மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வாயைத் திறந்தேன்.

“சரி சார்” என்று வந்தது.

அந்தச் சனிக்கிழமை பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் புதிதாக ஒரு வெல்டர். மனைவி மேலே வரவில்லை. மிஸ் வேலை பார்ப்பவள் டுடோரியலில் உட்காருவது நன்றாக இருக்காதாம். கீழே நின்றாள். அவளுக்கு நிற்பதில் கூச்சமில்லை. நேரே டீக்கடைக்குப் போய் டீ சொன்னாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

“இன்னாக்கா, இந்த நேரத்துல இங்க?” மில்லில் என்னோடு கம்பி பிடிப்பவன் குரல்.

“எங்க ஊட்டுக்காரு மேல படிக்கிறாரு. டென்த்து.”

“யாரு, அவரா? இந்த வயசுலயா?”

“ஏன், இந்த வயசுக்கு இன்னா? போன வருசமே படிச்சாரு. கூச்சத்துல யாருக்கும் சொல்லல.”

திங்கட்கிழமை நான் மில்லுக்குள் நுழையும்போது உலைப் பக்கத்திலிருந்து, “வா டென்த்து!” என்று சத்தம் வந்தது. அந்தக் கம்பெனியில் இருந்தவரை எனக்கு அதுதான் பெயர். புதிதாகச் சேர்ந்த ஆட்கள் நான் உண்மையிலேயே பத்தாவது என்று நினைத்துக்கொண்டு, பேங்க் சலான் நிரப்பித் தரச் சொல்லிக் கொண்டுவருவார்கள். இல்லை என்று சொல்ல வாய் வராது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மிஸ்ஸிடம் கொடுப்பேன்.